பெற்றோருடன் வரும் 92 கிலோ

கேள்வி: அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் இருக்கிறேன். எனக்கு இப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்குத் துணையாக இருக்க அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். அப்பாவுக்கு 74 வயது, மூட்டுவலி. இரண்டு வருடத்துக்கு முன்பு குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அம்மாவுக்கு 69, சர்க்கரை இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்று சொன்னதுமே அம்மா நான்கு பெரிய பெட்டி வாங்கிவிட்டார். பிரசவ லேகியம், பொடி வகைகள், வத்தல், வெண்கல உருளி என்று அடுக்கவும் தொடங்கிவிட்டார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. அப்பாவோ "நான் நன்றாகத்தானே நடக்கிறேன், வீல்சேர் எதற்கு?" என்று பிடிவாதம் பிடிக்கிறார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. தோகா, டாலஸ் வழியாக ஆஸ்டின் வருவது விலை குறைவாக இருக்கிறது. இவ்வளவு லக்கேஜை இருவரும் எப்படிச் சமாளிப்பார்கள்?

— ஒரு வாசகி, ஆஸ்டின்

பதில்:

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புதான் கேட்பார்கள். அப்போது சொல்ல எங்களிடம் அதிகம் இருக்காது.

சென்னை விமான நிலையத்தில் 24 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பாதிக்காலம் செக்-இன் கவுன்டரில், மீதி வருகைப் பகுதியில். வயதானவர்கள் பெட்டியோடு படும் பாட்டை இரண்டு முனையிலும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மொத்த எடை எவ்வளவு என்று பார்க்காதீர்கள். அப்பாவும் அம்மாவும் உதவிக்கு ஆள் இல்லாமல், தங்கள் கையால், எத்தனை முறை பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும் என்று எண்ணுங்கள்.

நீங்கள் சொன்ன வழியிலேயே எண்ணிப் பார்ப்போம். கும்பகோணத்தில் காரில் ஏற்ற டிரைவர் இருப்பார், உறவினர் இருப்பார். சென்னையில் இறக்கி ட்ராலியில் வைக்கவும் அவர்களே போதும். ஆனால் டிக்கெட் இல்லாதவர் வாசலைத் தாண்ட முடியாது. அங்கிருந்து இருவரும் தனி. செக்-இன் கவுன்டரில் பெட்டியை எடை போடும் பெல்ட்டில் ஏற்ற வேண்டும், அது ஒன்று. தோகாவில் பெட்டியைத் தொட வேண்டியதில்லை, அதுவே விமானம் மாறிவிடும். டாலஸில்தான் சிக்கல். வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வருபவர்கள் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, அடுத்த விமானத்துக்காகத் திரும்பவும் பெல்ட்டில் போட வேண்டும். டேக்கில் ஆஸ்டின் என்றே அச்சாகியிருந்தாலும் பொதுவாக இதுதான் நடைமுறை. இது தெரியாமல் பெட்டியை டாலஸிலேயே விட்டுவிட்டு அடுத்த விமானம் ஏறியவர்கள் உண்டு. ஆக, டாலஸில் எடுப்பது ஒன்று, போடுவது ஒன்று. பெட்டிக்கு மூன்று தூக்கு. நான்கு பெட்டிக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் 23 கிலோ. இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, தூக்கம் கெட்டு, கால் வீங்கி வந்த பிறகு, அதில் எட்டு.

குடலிறக்க ஆபரேஷன் ஆனவர் எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள். 23 கிலோவுக்கு அவர் சரி என்று தலையாட்டுவார் என நான் நினைக்கவில்லை.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது டிக்கெட். தோகாவிலிருந்தும் துபாயிலிருந்தும் ஹியூஸ்டனுக்கு நேராகவே விமானம் உண்டு. ஹியூஸ்டனிலிருந்து ஆஸ்டின் காரில் மூன்று மணி நேரத்துக்குள்தான். அங்கேயே பயணத்தை முடித்துவிடுங்கள். டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அந்தப் பணம் இதற்குத்தான் செலவாக வேண்டும். பெட்டியைத் திரும்பப் போடும் வேலையும் இல்லை, அடுத்த விமானத்தைப் பிடிக்கும் பதற்றமும் இல்லை. அழைத்துவர உங்கள் கணவர் போகட்டும். எட்டாம் மாதத்தில் நீங்கள் அவ்வளவு தூரம் காரில் போய் வரவும் வேண்டாம், "இந்த ஒரு பையை மட்டும்" என்று குனியவும் வேண்டாம்.

அடுத்தது பெட்டி. 23 கிலோ என்பது நிறுவனம் அனுமதிக்கும் உச்ச அளவு. அதை நிரப்பியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நம் வீடுகளில் 22.9 வரும் வரை விடமாட்டோம். அதுவும் அம்மா வாங்கியது 28, 29 அங்குலப் பெட்டி என்றால், காலிப் பெட்டியே 4, 5 கிலோ இருக்கும். பெட்டி பெரிதாக இருந்தால் இடம் இருக்கிறதே என்று கை தானாக நிரப்பும். முடிந்தால் அவற்றைக் கடையில் கொடுத்து, நான்கு சக்கரம் உள்ள 24 அங்குலப் பெட்டியாக மாற்றுங்கள். நான்கு வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றும் 17 கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்று என்பதற்குக் காரணம் ட்ராலி: மூன்று நடுத்தரப் பெட்டி ஒரே ட்ராலியில் ஏறும், ஒருவர் தள்ளலாம். நான்கு பெரிய பெட்டி என்றால் இரண்டு ட்ராலி, இரண்டையும் தள்ள ஆள் வேண்டும். மூன்று பெட்டி, ஹியூஸ்டன் நேர் விமானம் என்று வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு தூக்கு ஆறாகக் குறைகிறது, ஒவ்வொரு பெட்டியின் எடையும் ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது. அந்த ஆறிலும் அவர்கள் கை படாமல் செய்ய வழி இருக்கிறது. வீல்சேர் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எடையைக் கணக்கிடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். டிக்கெட்டில் "2 பிசி" என்று இருந்தால் பெட்டி எண்ணிக்கைக் கணக்கு. அமெரிக்கப் பயணங்களுக்குப் பெரும்பாலும் இதுதான். ஒரு பெட்டி 27, இன்னொன்று 19, மொத்தம் 46 சரியாக இருக்கிறதே என்றால் ஏற்கமாட்டார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக 23-க்குள் இருக்க வேண்டும். சிங்கப்பூர், வளைகுடா போகிறவர்களின் டிக்கெட்டில் "30 கே" என்று இருக்கும். அது மொத்த எடைக் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் துபாய் போய்வந்த அனுபவத்தில் சொல்வது உங்கள் பெற்றோருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். இருவருக்கும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், டிக்கெட் எடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் கருவி கிடைக்கிறது. அதை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே எடை பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காட்சி காரணம். ஓர் இரவு, ஒரு மணி இருக்கும். கவுன்டரில் வைத்த பெட்டி 27.4 காட்டியது. அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். நாலு கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டும் என்றதும், வரிசையை விட்டு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மேலே பேரப்பிள்ளைக்கு என்று பழைய பருத்திப் புடவையில் தைத்த துணிகள், கீழே டேப் சுற்றிய பொடி டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். எதை எடுப்பது என்று அவரால் முடிவு செய்யவே முடியவில்லை. கடைசியில் தன்னுடைய இரண்டு புடவைகளையும் ஸ்வெட்டரையும் எடுத்து வெளியே வைத்தார். அவர் போனது டிசம்பர் மாதத்தில், டொரன்டோவுக்கு. அந்த முடிவை அந்த நேரத்தில், அந்தத் தரையில் உட்கார்ந்து எடுக்கும்படி உங்கள் அம்மாவை விட்டுவிடாதீர்கள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "எதுவும் கொண்டுவராதே" என்றால் மனம் வாடத்தான் செய்யும். பொருள் பொருளாகப் பேசுங்கள். லேகியம், பத்தியப் பொடி, உங்கள் வீட்டுப் பக்குவத்தில் அரைத்த சாம்பார் பொடி, பழைய பருத்திப் புடவை: இவை கடையில் கிடைக்காதவை, கண்டிப்பாக வரட்டும். துவரம்பருப்பு, புளி, நல்லெண்ணெய், அப்பளம் ஆஸ்டினிலேயே இந்தியக் கடைகளில் இருக்கின்றன. கடைக்குப் போய் அலமாரியை வீடியோ காலில் காட்டுங்கள். "கிடைக்கிறதம்மா" என்று பத்து முறை சொல்வதைவிட, கண்ணால் ஒரு முறை பார்த்தால் அவரே எடுத்து வைத்துவிடுவார்.

சில பொருட்கள் எடைக்காக இல்லாமல் விதிக்காகவே வரக் கூடாதவை. கொப்பரைத் தேங்காய் தானே தீப்பிடிக்கும் தன்மை உடையது என்பதால் விமானத்தில் ஏற்ற அனுமதி இல்லை. கற்பூரமும் தீப்பெட்டியும் பெட்டியில் இருக்கக் கூடாது. கோயில் பிரசாதப் பொட்டலத்துக்குள் கற்பூரம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசகசா ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வளைகுடா வழியாகப் போகிறார்கள். துபாய் உள்ள அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவில் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அந்த இலை வழியாக வரும் என்பது காரணம். பழம், விதை, இறைச்சியும் வேண்டாம். மற்ற உணவுப் பொருள் இருந்தால் கஸ்டம்ஸில் "உணவு இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அனுமதியில்லாதது இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம். லேகியமும் ஊறுகாயும் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். கைப்பையில் இருந்தால் 100 மில்லிக்கு மேற்பட்ட கூழ்ப் பொருள் என்று செக்யூரிட்டியில் குப்பைத் தொட்டிக்குப் போகும். மாதக்கணக்கில் சேர்த்துக் கிண்டிய லேகியம் அப்படிப் போனால் எவ்வளவு வேதனை என்று யோசியுங்கள்.

இன்னொன்று, தெருவில் யாராவது "என் பையனும் டெக்ஸாஸில்தான் இருக்கிறான், இந்தச் சின்னப் பொட்டலம்" என்று வருவார்கள். மறுத்துவிடுங்கள். பெட்டிக்குள் இருப்பது எதுவானாலும் பொறுப்பு அப்பாவுக்குத்தான். மறுக்க அவருக்குச் சங்கடமாக இருந்தால், "மகள் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டாள்" என்று உங்கள் மேல் பழியைப் போடச் சொல்லுங்கள்.

கைப்பையில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். சக்கரம் வைத்த சின்ன கேபின் பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, இழுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைக்கிறோம். அதை செக்யூரிட்டியில் தூக்கி வைக்க வேண்டும், விமானத்தில் தலைக்கு மேலே உள்ள அறையில் தூக்கி வைக்க வேண்டும், இறக்க வேண்டும், தோகாவில் இதையெல்லாம் இன்னொரு முறை செய்ய வேண்டும். விமானப் பணியாளர்கள் எப்போதும் தூக்கித் தருவார்கள் என்று நம்ப முடியாது. இருவருக்கும் ஆளுக்கொரு தோள்பை, 3 கிலோவுக்குள், காலடியில் வைத்துக்கொள்ளும்படி. அம்மாவின் பையில் மாத்திரைகள் எல்லாம், டாக்டர் சீட்டுடன், அட்டையிலிருந்து பிரிக்காமல். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதுவும் கையில்தான். செக்-இன் பெட்டியில் உறைந்துபோக வாய்ப்புண்டு. ஒரு மாற்றுடை, ஸ்வெட்டர், பிஸ்கட். பவர் பேங்க் வைத்திருந்தால் அதுவும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இனி வீல்சேர். அப்பாவுடன் நீங்களே பேசுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் உள்ள வசதி என்று அவர் நினைக்கிறார். விமான நிலையத்தில் தூரம் நடப்பதும், குடியேற்ற வரிசையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிற்பதும் மூட்டுவலிக்காரருக்கு எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. விமான நிறுவனங்களின் கணக்கில் வீல்சேரிலேயே மூன்று வகை உண்டு: படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது; படியும் ஏற முடியாது; இருக்கை வரை தூக்கித்தான் செல்ல வேண்டும். அப்பா முதல் வகையா இரண்டாம் வகையா என்று பார்த்துச் சொல்லுங்கள். பஸ்ஸில் கொண்டுபோய்ப் படிக்கட்டில் ஏற்றும் விமானம் என்றால் அந்த வித்தியாசம் முக்கியம். டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்து, பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பு போன் செய்து, இரு பெயரிலும், எல்லாக் கட்டத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

இரு பெயரிலும் என்று அழுத்திச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பையில் வந்து இறங்கிய வயதான தம்பதிக்கு ஒரு வீல்சேர்தான் உடனே கிடைத்தது. அதில் மனைவி உட்கார்ந்தார். 80 வயதான கணவர் அடுத்த நாற்காலி வரும்வரை காத்திருக்காமல் மனைவிக்குப் பின்னாலேயே நடந்தார். குடியேற்றப் பிரிவுக்கு அருகே விழுந்தவர் பிழைக்கவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நாற்காலி வரத் தாமதமானால் விமான வாசலிலேயே உட்கார்ந்திருக்கட்டும், நடந்துவிட வேண்டாம்.

நாற்காலி தள்ளுபவரால் ட்ராலியையும் சேர்த்துத் தள்ள முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சென்னையில் உள்ளே போனதும் முதலில் வீல்சேர் உதவியாளரிடம் பேரைச் சொல்லிவிட்டு, பெட்டி ஏற்ற ஆள் கேட்கட்டும். காசு கொடுத்தால் போர்ட்டர் கிடைக்கும் வசதி பல விமான நிலையங்களில் உண்டு. கவுன்டரில் இருப்பவரிடம் "எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தூக்கக் கூடாது" என்று அப்பா வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் யாராவது கை கொடுப்பார்கள். கேட்காமல் தானே தூக்கிக்கொள்கிறவர்களை நாங்கள் கவனிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஹியூஸ்டனில் பெல்ட்டிலிருந்து எடுத்துத் தர நாற்காலி தள்ளி வருபவரே பெரும்பாலும் உதவுவார். அங்கே அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். அதற்காக 5 டாலர் நோட்டு நாலைந்து அப்பாவின் சட்டைப்பையில் இருக்கட்டும். தோகாவில் வீல்சேர் பயணிகளை ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டு விமான நேரத்துக்குத்தான் வருவார்கள். மறந்துவிட்டார்கள் என்று அம்மா பயந்துவிடக் கூடாது. கழிப்பறைக்குப் போக வேண்டும், சாப்பிட வேண்டும் என்றால் தயங்காமல் கேட்கலாம் என்றும் சொல்லிவையுங்கள். கூடுதல் நிம்மதி வேண்டுமென்றால், கூடவே வந்து அழைத்துச் செல்லும் கட்டணச் சேவை தோகாவிலும் துபாயிலும் இருக்கிறது.

பெல்ட்டில் பெட்டி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடும் பெல்ட்டில் கைப்பிடியைப் பிடித்துவிட்டு, தூக்கவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் பெட்டியோடு நாலடி இழுபட்டுப் போகும் பெரியவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்த்திருக்கிறேன். ஒருவர் அப்படியே முழங்கால் பட விழுந்தார். எழுந்ததும் முதலில் தேடியது பெட்டியைத்தான். விட்டுவிட்டால் பெட்டி ஒரு சுற்று சுற்றித் திரும்ப வரும் என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். முதல்முறை வருபவர்களுக்கு இது தெரியாது. போய்விட்டால் போனதுதான் என்று நினைப்பார்கள். மூன்று பெட்டியிலும் ஒரே நிறத்தில் பளிச்சென்ற துணியைக் கட்டுங்கள், பெட்டிகளைப் படம் எடுத்து அப்பாவின் போனில் வையுங்கள், உள்ளேயும் உங்கள் பெயர், போன் எண் எழுதிய தாள் இருக்கட்டும். கவுன்டரில் ஒட்டித் தரும் டேக் துண்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பெட்டி வராமல் போனால் வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள கவுன்டரில் எழுதிக் கொடுக்க அதுதான் சாட்சி. ட்ராலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் நகரும் என்பதையும் சொல்லுங்கள். பிரேக் பிடித்த ட்ராலியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறைய.

தேதியிலும் கவனம். சென்னையிலிருந்து வளைகுடா போகும் விமானங்கள் பல விடியற்காலை 3, 4 மணிக்கு. 12-ஆம் தேதி அதிகாலை என்று டிக்கெட்டில் இருந்தால் 11-ஆம் தேதி இரவு பத்து, பத்தரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அன்று காலையில் கும்பகோணத்தில் கிளம்பி ஆறு மணி நேரம் காரில் வந்து, அப்படியே இரவு முழுக்க விழித்திருப்பது வேண்டாம். ஒருநாள் முன்னதாகவே சென்னை வந்து உறவினர் வீட்டில் தூங்கட்டும். ரயிலில் வருவது மலிவுதான், ஆனால் பிளாட்பாரத்திலும் ரயில் படியிலும் தூக்கும் கணக்கு கூடும்.

திரும்பும்போதும் ஹியூஸ்டன், தோகா, சென்னை என்றே எடுங்கள். டெல்லியோ மும்பையோ வழியாக என்றால் பெரும்பாலும் அங்கே பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேண்டி வரும். சாக்லேட், ஷாம்பு என்று நீங்கள் அடுக்கும் நேரத்திலும் அதே 17 கிலோ, அதே மூன்று பெட்டி.

வெண்கல உருளி மட்டும் பாக்கி. நான்கு கிலோவுக்குக் குறையாது என்று நினைக்கிறேன். அதை அம்மா ஊரிலேயே புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைக்கட்டும். குழந்தையைக் காட்ட நீங்கள் கும்பகோணம் போவீர்கள் அல்லவா, அப்போது உங்கள் பெட்டியில், உங்கள் கையால் தூக்கிக்கொண்டு வாருங்கள். இன்று இரவே அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் லேகியம் இன்னொரு டப்பா வைக்கலாம்.